முகில் ஏறுமுன் உலக முடிவுக்கு

கேள்வி: தைப்பொங்கலை ஒட்டி மூன்று நாள் நுவரெலியாவில் தங்கப்போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், 64 வயது அம்மா. இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டை முடித்து எட்டரைக்குப் புறப்பட்டு, ஹோட்டன் சமவெளியில் உலக முடிவும் பேக்கர் நீர்வீழ்ச்சியும் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்கும் போகலாம் என்கிறார் கணவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் வருவேன் என்கிறா. சரிவருமா?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: நீங்கள் தெரிந்தெடுத்த மாதம் அருமையான மாதம். ஜனவரி முதல் மார்ச் வரைதான் அங்கே மழை குறைவு, வானமும் தெளிவு. பிழைத்திருப்பது அந்த எட்டரை மணி ஒன்றுதான்.

உலக முடிவில் மலை 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக விழுகிறது. கீழே தேயிலைத் தோட்டமும் தூரத்து நீர்த்தேக்கமும் தெரியும். ஆனால் வெயில் ஏற ஏறப் பள்ளத்திலிருந்து முகிலும் ஏறி வரும். அநேகமான நாட்களில் ஒன்பதரை, பத்துக்குள் எல்லாம் மூடிவிடும். ஒருமுறை நாங்கள் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நீட்டிய கைக்கு அப்பால் வெள்ளைதான். பக்கத்தில் ஒரு குடும்பம் முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தது. அவர்களுடைய சின்னப் பிள்ளை "எங்கேம்மா உலகம்?" என்று கேட்டபோது தாயிடம் பதில் இல்லை. நீங்கள் எட்டரைக்குப் புறப்பட்டால் உங்களுக்கும் அதே வெள்ளைதான் மிஞ்சும்.

ஆகவே நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் பாருங்கள். எட்டரைக்கு நீங்கள் இருக்கவேண்டிய இடம் உலக முடிவு. அப்படியென்றால் ஆறே முக்காலுக்காவது நடக்கத் தொடங்க வேண்டும். ஹோட்டன் சமவெளிப் பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து அம்பேவல, பட்டிப்பொல வழியாக 32 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுப் பாதை, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். லீவு நாளில் டிக்கெட் எடுக்க வரிசையும் நிற்கும். காலை நாலே முக்காலுக்கு வான் வாசலில் நிற்கட்டும்.

சுற்றுப் பாதை முழுவதும் ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்பார்கள். பிள்ளையோடு நாலு என்று வையுங்கள். நடை தொடங்கும் ஃபார் இன் என்ற கட்டிடத்திலிருந்து கொஞ்ச தூரம் புல்வெளியில் நடந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரிய உலக முடிவு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. இடப்பக்கமே போங்கள். அருவி முகில் வந்தாலும் அங்கேயே இருக்கும்.

இனி அம்மா. வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முழுச் சுற்று அவவுக்குக் கூடாது என்பதுதான் என் எண்ணம். உலக முடிவு தாண்டிவிட்டால் குறுக்குவழி இல்லை. வந்த தூரமே திரும்பவும் இருக்கும். அருவிக்கு இறங்கும் இடம் செங்குத்து, பிறகு அதே அளவு ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. அதனால் சின்ன உலக முடிவு வரை எல்லாரும் சேர்ந்து போங்கள். அதுவும் உண்மையான பள்ளம்தான், சும்மா ஆறுதல் பரிசு இல்லை. அங்கே இருந்து ஆறுதலாகத் தேநீர் குடித்துவிட்டு, நீங்களோ கணவரோ ஒருவர் அம்மாவோடு வந்த வழியே திரும்புங்கள். மற்றவர் மகனோடு சுற்றை முடிக்கலாம். யார் திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி வையுங்கள். அந்த இடத்தில் வைத்துப் பேசினால் அம்மா "எனக்கொன்றுமில்லை" என்று எழும்பி நடக்கத் தொடங்கிவிடுவா.

சமவெளி 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கடற்கரை ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் மூச்சு வாங்கும். நீங்கள் ஒரு இரவு நுவரெலியாவில் தங்கிவிட்டுப் போவது அதனால்தான் நல்லது. அம்மாவுக்குப் பிரஷர் இருந்தால் வெளிக்கிடுமுன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தை மாத விடியலில் புல் நுனியில் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். மகன் தொட்டுப் பார்க்கட்டும், காலுக்கடியில் நொறுநொறுவென்று உடையும். ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம். எட்டு மணிக்குப் பிறகு அதே இடத்தில் வெயில் தோலைச் சுடும். செருப்போடு போகவேண்டாம், சப்பாத்து வேண்டும். காட்டுக்குள் பாதை வேரும் கல்லும் ஈரமுமாக இருக்கும்.

சாப்பாட்டை ஹோட்டலில் சொல்லிக் கட்டி வாங்குங்கள், ஆனால் லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் அல்ல. வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன், பிஸ்கட் உறை எல்லாம் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபிளைக்கூட உரித்து எடுப்பார்கள். சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கைகளைக் கும்பிடத் தோன்றும். வாகனம் நிறுத்தும் இடத்தில் மரைகள் என்ற பெரிய மான்கள் மனிதரைக் கண்டு பயமில்லாமல் நிற்கும். சாப்பாட்டு வாசம் பட்ட பொலித்தீனை அவை விழுங்கிவிடும், அது வயிற்றை விட்டுப் போகாது. மகன் ஆசைப்பட்டாலும் ஒரு துண்டு பாண்கூடக் கொடுக்க விடாதீர்கள்.

அவனுக்குக் காட்ட வேறு நிறைய உண்டு. குடை விரித்த மாதிரிக் குட்டையாக நிற்கும் மரங்களின் பாசியை ஒரு விரலால் அழுத்தச் சொல்லுங்கள், நீர் கசியும். முகிலைப் பிடித்து நீராக்குகிற காடு அது. உங்கள் கிழக்குக் கரையில், திருகோணமலைப் பக்கம் கடலில் சேருகிற மகாவலிக்கும் நீர் இங்கிருந்து போகிறது. களனிக்கும் வளவைக்கும்கூட. விளிம்பு நெருங்கியதும் மட்டும் அவன் கையை விடாதீர்கள். எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை.

ஹக்கலையை மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள், அது வேறு பாதை. ஹோட்டன் சமவெளி முடிந்து மத்தியானம் நுவரெலியா வந்தால் அம்மாவுக்கு வெந்நீரும் நித்திரையும்தான் வேண்டியிருக்கும். சாரதியிடம் புறப்படும் நேரத்தை முதல்நாள் மாலையே சொல்லிவிடுங்கள். "ஆறு மணிக்குப் போனாலும் போதும்" என்று அவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.