சீவாளி காயக்கூடாது

(யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம். பெயர் வேண்டாமென்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அண்ணை,

நான் புத்தக அட்டை, கலியாணக் கார்ட் எல்லாம் வடிவமைக்கிறேன். சீசனில் வீடியோ எடிட்டிங்கும் செய்வேன். மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் மச்சானும் என்னைப்போல் படம் வரைகிறவன்தான். ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதிச் சட்டம் வந்ததால்தான் கம்பனி வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் செய்ய முடிந்தது என்பான். இப்போது பிரீமியம் ஏறிவிட்டது என்று புலம்புகிறான். "எங்களுக்கு ஆஸ்பத்திரி சும்மா, நாங்கள் ராசாக்கள்" என்று அவனுக்குப் பகிடியாக எழுதினேன். அடுத்த கிழமையே எனக்கு முதுகு பிடித்துவிட்டது. இரண்டு கிழமை கதிரையில் இருக்க முடியவில்லை, மூன்று ஓடர் கைவிட்டுப் போனது. நான் மச்சானுக்கு எழுதியது சரிதானா? அங்கே வந்ததுபோல ஒரு சீர்திருத்தம் இங்கேயும் தேவையா?

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் கதிரையை மாற்றுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

மச்சான் சொன்னது உண்மை. அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி வேலையோடு ஒட்டிக்கொண்டதற்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் நேரம், 1942இல், அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆட்களைப் பிடித்துவைக்க முதலாளிமார் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்புறுதியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். போர் முடிந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. தனியாகத் தொழில் செய்கிறவன் காப்புறுதி வாங்கப் போனால், "உனக்கு ஏற்கெனவே சலரோகம்" என்று பல மாநிலங்களில் கம்பனி கையை விரிக்கலாம். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் 2014 தொடக்கம் அதைத் தடுத்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு பிரீமியத்தில் உதவியும் கிடைத்தது.

ஆனால் அந்த உதவி, வரப்போகிற வருடம் எவ்வளவு உழைப்பீர்கள் என்று நீங்கள் சொல்லும் கணக்கில்தான் தங்கியிருக்கிறது. படம் வரைகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? சொன்னதைவிடக் கூட உழைத்தால், வரிக் கணக்கு முடிக்கும்போது வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். 2021இல் கொரோனாக் காலத்தில் உதவியைக் கூட்டிக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு 2025 முடிவு வரைக்கும்தான். மச்சானின் புலம்பல் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

சரி, நாங்கள் ராசாக்களா? பாதி ராசாக்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள். காப்புறுதி இருக்கிறதா, என்ன தொழில், ஒன்றும் கேட்கமாட்டார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்கள். அங்கே போகிறவரிடமும் பற்றுச்சீட்டு நீட்டுவதில்லை. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2022இல் நான் பிரசர் கிளினிக்குக்குப் போகும் ஓர் அரச வைத்தியசாலையில், காலை ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு கிளினிக் கொப்பியை நீட்டினால், நாலு குளிசையில் மூன்றுக்கு "வெளியில் வாங்கவும்" என்று துண்டு வந்தது. அப்போதுகூட வைத்தியர் பார்த்ததற்கு நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அவசரம் என்றால் அதே வைத்தியரைப் பின்னேரம் தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அதை எழுதத் தொடங்கினால் இன்னொரு கடிதமாகிவிடும்.

மிச்சப் பாதியைச் சொல்ல ஒருவரைக் காட்டுகிறேன். எங்கள் கோயிலுக்கு வாசிக்கும் நாதஸ்வரக்காரர். ஒரு வருடம் சித்திரையில் அவருக்குக் குடலிறக்கம் என்று கண்டுபிடித்து ஒப்பரேசன் செய்தார்கள். செலவு, ஓட்டோக் காசு மட்டும். வெட்டுக்காயமும் நன்றாக ஆறியது. ஆனால் மூன்று மாதம் ஊதக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதமும் திருவிழாவும் முகூர்த்தமும். வருடம் முழுக்கச் சாப்பிடுகிற காசை அவர் உழைப்பது அந்த நாட்களில்தான். நான் பார்க்கப் போனபோது திண்ணையில் இருந்தபடி, நாதஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் துண்டான சீவாளியை எடுத்து உதட்டில் வைத்து ஈரமாக்கினார். ஊதவில்லை. திரும்பத் துணியில் சுற்றி வைத்தார். "காயவிட்டால் வெடிச்சுப் போகும்" என்றார். மனைவியின் சங்கிலி அப்போது அடைவில் இருந்தது. கோயிலில் வேறொருவர் வாசித்துக்கொண்டிருந்தார், அது கோயிலின் குற்றமில்லை, சுவாமி எழுந்தருளும்போது மேளம் வேண்டாமா?

வைத்தியசாலை இலவசமாகக் கொடுத்தது சிகிச்சையை. போன நாட்களை யார் கொடுப்பது? அரச உத்தியோகத்தருக்குச் சுகவீன லீவு இருக்கிறது, அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. தனியார் கம்பனியில் வேலை செய்தால் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் போகும், முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கு மேலும் 3 வீதம் அவர் தலையில். உங்களுக்கும் நாதஸ்வரக்காரருக்கும் இல்லாமல் போவது முதலாளி போடும் அந்தப் 15 வீதம்தான், ஏனென்றால் உங்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. அமெரிக்கச் சீர்திருத்தமும் இந்த இடத்தைத் தொடவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் நாட்களுக்கு அது பணம் கொடுப்பதில்லை.

தொட்டது ஜேர்மனி. உங்கள் சொந்தக்காரர் யாராவது அங்கே இருந்தால் கேட்டுப்பாருங்கள். எழுத்தாளர், ஓவியர், இசைக்கலைஞர்களுக்கென்று ஒரு சமூகக் காப்புநிதி 1983இலிருந்து நடக்கிறது. மருத்துவக் காப்புறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் கலைஞர் பாதிதான் கட்டுவார். மிச்சப் பாதியில், மொத்தக் கட்டணத்தில் நூற்றுக்கு 20 பங்கை அரசு கொடுக்கும், 30 பங்கை அவரிடம் வேலை வாங்கும் பதிப்பகமும் அரங்கும் விளம்பர நிறுவனமும் கொடுக்கும். அதற்காக, கலைஞருக்குக் கொடுக்கும் கூலிக்கு மேலே இந்த நிறுவனங்கள் அண்மைய வருடங்களில் 5 வீதமளவில் கட்டிவருகின்றன. நோய் நீண்டால் ஏழாவது கிழமையிலிருந்து நோய்க்காலப் பணமும் உண்டு. கலைஞனுக்கு முதலாளி இல்லை என்று அவர்கள் விட்டுவிடவில்லை. வேலை வாங்குகிற எல்லோரும் சேர்ந்துதான் முதலாளி என்று சட்டம் போட்டார்கள். எனக்கு இது ஒபாமாவின் சட்டத்தைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

அப்படி ஒன்று இங்கே நாளைக்கே வரும் என்று நான் நம்பவில்லை. திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரரிடமும் கலியாண மண்டபக்காரரிடமும் 5 வீதம் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? அதுவரைக்கும் இருப்பதைப் பிடியுங்கள். சுயதொழில் செய்கிறவர்களும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் சேரலாம். சமூகப் பாதுகாப்புச் சபையில் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பெரிய சத்திரசிகிச்சைக்குச் சனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், வருத்தம் வந்தபிறகு அல்ல, இந்தக் கிழமையே.

இன்னொன்று. அடுத்த கலியாணக் கார்ட்டுக்கு விலை எழுதும்போது, கடைசி வரியில் "சுகவீன நாட்களுக்கு 5 வீதம்" என்று தனியாகப் போட்டுப்பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.