ஆங்கிலச் சொல் கற்பித்தல் – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயிலும் பதின்ம வயது மாணவர்களுக்கு நான் ஆசிரியராக இருக்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாடத்திலிருந்து இருபது சொற்களைப் பலகையில் எழுதிப்போட்டு, அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதிவரச் சொல்வேன். வெள்ளிக்கிழமை தேர்வு. பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு மாதம் கழித்து அதே சொற்களைக் கேட்டால் விழிக்கிறார்கள். கட்டுரையில் ஒரு சொல்லைக்கூடப் பயன்படுத்துவதில்லை. மாணவர்களுக்கு அக்கறை இல்லையா, என் முறையில்தான் பிழையா? வகுப்பில் தாய்மொழியில் பொருள் சொல்லவே கூடாது என்று மூத்த ஆசிரியர்கள் கூறுகிறார்கள். அதுவும் சரிதானா?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெள்ளிக்கிழமை நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களை அக்கறையற்றவர்கள் என்று சொல்ல முடியாது. ஐந்து நாள் நினைவில் வைத்திருக்கும்படி கேட்கிறோம். அவர்களும் ஐந்து நாள் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொற்களை அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஆப்பிரிக்க மொழியான ஸ்வாஹிலியின் 40 சொற்களை ஆங்கிலப் பொருளுடன் கற்றார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட பிறகு, ஒரு பிரிவினர் அதைத் தொடர்ந்து படித்தார்கள், ஆனால் அதில் மீண்டும் சோதிக்கப்படவில்லை. வேறொரு பிரிவினர் அதை மீண்டும் படிக்கவில்லை, ஆனால் தொடர்ந்து சோதிக்கப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, சோதிக்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 80 விழுக்காட்டுச் சொற்கள் நினைவில் இருந்தன. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கோ மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுதான் எஞ்சியது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் காட்டிலும், பார்க்காமல் அதை நினைவிலிருந்து தேடியெடுக்கும் முயற்சிதான் அதை மனத்தில் ஊன்றுகிறது.

ஆகவே தேர்வைக் கைவிடாதீர்கள். அதற்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, அடிக்கடி நடத்துங்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம், குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, நேற்றைய சொல் இரண்டு, போன வாரத்துச் சொல் இரண்டு, போன மாதத்துச் சொல் ஒன்று என்று கேளுங்கள். ஒரு நாள் சொல்லைச் சொல்லிப் பொருளைக் கேளுங்கள். மறுநாள் பொருளைச் சொல்லிச் சொல்லைக் கேளுங்கள். இரண்டாவது கடினமானது, எழுத்துக்கு உதவுவதும் அதுதான்.

இப்படிச் செய்யத் தொடங்கினால் வாரத்துக்கு இருபது சொற்கள் தாங்காது என்பது தானே தெரிந்துவிடும். எட்டு போதும். குறைத்தால் பின்தங்கிவிடுவோம் என்ற அச்சம் வேண்டாம். துணையின்றி ஒரு நாவலையோ செய்தித்தாளையோ படிக்க, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டால், எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அத்தனையையும் எந்த வகுப்பறையும் பட்டியல் போட்டுக் கற்பித்துவிட முடியாது. பெரும்பகுதி வாசிப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். வகுப்பில் கற்பிக்கும் சிறுபகுதி எது என்பதில்தான் ஆசிரியரின் தேர்ச்சி இருக்கிறது.

அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதற்கு, கல்வி ஆய்வாளர் ஐசபெல் பெக்கும் அவருடைய சகஆய்வாளர்களும் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்தது நல்ல வழிகாட்டி. அன்றாடப் பேச்சில் புழங்கும் சொற்கள் முதல் அடுக்கு. எழுத்தில் பல துறைகளிலும் திரும்பத் திரும்ப வருபவை இரண்டாம் அடுக்கு. ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள் மூன்றாம் அடுக்கு. எரிமலை பற்றிய ஒரு பத்தியில் 'மேக்மா' (நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பு) என்ற சொல் வந்தால், அரை வாக்கியத்தில் அதன் பொருளைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். அதே பத்தியில் வரும் 'கிராஜுவலி' (படிப்படியாக), 'ரிலீஸ்' (வெளியிடு) ஆகியவற்றில் நின்றுதான் ஆக வேண்டும். நாளை அவை வரலாற்றுப் பாடத்திலும் வரும், கதையிலும் வரும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்தப் பகுப்பு ஆங்கிலத்தைப் பேசியே வளர்ந்த பிள்ளைகளை மனத்தில் கொண்டது. அவர்களுக்கு முதல் அடுக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. நம் மாணவர்களுக்கு அதிலும் ஓட்டைகள் இருக்கும். அவற்றைத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டு மேலே போவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

அடுத்து, அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதிவரும் பழக்கம். இதை உறுதியாகவே எதிர்க்கிறேன். ஜார்ஜ் மில்லர், பேட்ரீஷியா கில்டியா ஆகிய ஆய்வாளர்கள் 1987-இல் எழுதிய கட்டுரையில், அகராதியை மட்டும் பார்த்து வாக்கியம் அமைத்த குழந்தைகளின் எழுத்தைக் காட்டுகிறார்கள். மண்ணரிப்பைக் குறிக்கும் 'இரோட்' என்ற சொல்லுக்கு அகராதி 'ஈட் அவுட்' என்றும் பொருள் தந்திருந்தது. வெளியே போய்ச் சாப்பிடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே தொடர்தான். எனவே ஒரு குழந்தை, "எங்கள் குடும்பம் நிறைய இரோட் செய்யும்" என்று எழுதியது. ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளுக்கே இந்த நிலை என்றால், இரண்டாம் மொழியாகக் கற்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

விளக்கம் உங்கள் வாயிலிருந்து, எளிய சொற்களில் வரட்டும். 'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலில் உரக்கச் சொல்லுங்கள், இரண்டாம் அசையில் அழுத்தம் விழுவதைக் காட்டுங்கள், எல்லோரும் சொல்லட்டும். பிறகு, "ஒரு காரியத்தைச் செய்ய உங்களுக்கு மனம் வரவில்லை, தயங்குகிறீர்கள், அப்போது நீங்கள் ரிலக்டன்ட்" என்று சொல்லுங்கள். உடனே கேள்விக்குப் போங்கள்: குளிர்ந்த நீரில் சட்டென்று குதிப்பவர் ரிலக்டன்டா, காலை நனைத்துவிட்டுப் பின்வாங்குபவர் ரிலக்டன்டா? விடையோடு காரணத்தையும் அந்தச் சொல்லையே பயன்படுத்திச் சொல்லவைக்க வேண்டும். யாராவது ஒருவர், "அப்படியானால் சோம்பேறியும் ரிலக்டன்ட்தானே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகக் காத்திருங்கள். சோம்பல் ஒருவருடைய இயல்பு. ரிலக்டன்ட் என்பது குறிப்பிட்ட ஒரு செயலை நோக்கிய தயக்கம், கடும் உழைப்பாளிக்கும் அது வரும் என்று வகுப்பே விவாதித்துக் கண்டுகொள்ளும்போது சொல்லின் எல்லை பிடிபடுகிறது. இறுதியாக அதன் கூட்டாளிச் சொற்களைக் கொடுங்கள்: 'ரிலக்டன்ட் டு கோ' என்று வரும், 'ரிலக்டன்ட் ஆஃப் கோயிங்' என்று வராது, 'ரிலக்டன்ட்லி அக்ரீட்' என்பது அடிக்கடி காணும் தொடர். இதற்கெல்லாம் ஏழெட்டு நிமிடம் ஆகும். இவ்வளவு நேரத்தை எல்லாச் சொல்லுக்கும் தர முடியாது என்பதால்தான் குறைவாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

பாடநூல்கள் செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். நிறங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில், எதிர்ச்சொற்கள் எல்லாம் இணை இணையாக என்று அடுக்கித் தருவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் நெருங்கிய பொருளுடைய புதுச் சொற்களை ஒரே வேளையில் கற்றால் அவை ஒன்றோடொன்று குழம்பிக் கற்றலைத் தாமதப்படுத்துகின்றன என்று ஆய்வாளர்கள் தாமஸ் டிங்கம் 1993-இலும் ராப் வாரிங் 1997-இலும் காட்டினார்கள். 'தின்' (மெல்லிய) என்ற ஆங்கிலச் சொல் நன்றாகப் பதிந்த பிறகு அதன் எதிர்ச்சொல்லான 'திக்' (தடித்த) வரட்டும்.

தாய்மொழி பற்றிய உங்கள் கேள்விக்கு என் விடை: தாராளமாகப் பயன்படுத்துங்கள். சொல்லையும் பொருளையும் முதன்முதலில் இணைக்க அதைவிட விரைவான வழி இல்லை. ஐந்து நிமிடம் சைகை காட்டியும் விளங்காத ஒன்று, தாய்மொழியில் ஒரே சொல்லில் விளங்கிவிடும். மிச்சமாகும் நேரத்தை ஆங்கில வாக்கியங்களில் அந்தச் சொல்லைப் புழங்கவைக்கச் செலவிடலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதை மொழிபெயர்ப்பு காட்டாது. வகுப்பில் பல தாய்மொழிக்காரர்கள் இருந்தால், ஒரே மொழி பேசும் இருவரை அருகருகே அமர்த்தி, தங்களுக்குள் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள விடுங்கள்.

கட்டுரையில் ஏன் அந்தச் சொற்கள் வருவதில்லை என்ற கவலைக்கு வருகிறேன். படித்தால் புரிகிற சொல், எழுதும்போது கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும், அது இயல்பு. அதோடு, புதுச் சொல்லைப் போட்டுத் தவறினால் சிவப்பு மையால் கோடு விழும், பழைய சொல்லைப் போட்டால் விழாது என்பதை மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். எழுதத் தொடங்கும் முன், அண்மையில் கற்ற சொற்களில் பத்தைப் பலகையில் போட்டு, ஏதேனும் மூன்றைப் பயன்படுத்தும்படி கேளுங்கள். தவறாகப் பயன்படுத்தினாலும் அந்த முயற்சிக்கு மதிப்பெண் கொடுங்கள். பிறகு அந்தத் தவறான வாக்கியங்களில் இரண்டை, எழுதியவர் பெயரைச் சொல்லாமல், மறுநாள் பலகையில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். இதற்குச் செலவாகும் பதினைந்து நிமிடம், அந்தச் சொற்களை எல்லோரும் இன்னொரு முறை நினைவிலிருந்து தேடியெடுப்பதற்கும் ஆகும்.

அன்புடன்.