ஆச்சியிடம் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குரல்

கேள்வி: ஆச்சி, நான் கல்யாணச் சமையல் மாஸ்டர், வயது 41. அண்டா தூக்கித் தூக்கி முதுகில் டிஸ்க் விலகியது. மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் டிரமடால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி குறைந்தும் மாத்திரை குறையவில்லை. இப்போது ஐம்பது மில்லிகிராமில் ஒரு நாளைக்கு எட்டு, முகூர்த்த நாளென்றால் பத்து. இரண்டு தடவை நானாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் ராத்திரியைத் தாண்ட முடியவில்லை. வீட்டில் "மாத்திரைதானே, போடாம இருங்க" என்கிறார்கள். இதைத் தாண்டி வந்த யாரிடமாவது பேச வேண்டும்போல இருக்கிறது. ஊருக்குத் தெரிந்தால் அடுத்த விசேஷத்துக்குக் கரண்டி பிடிக்கக் கூப்பிட மாட்டார்கள்.
- பெயர் வேண்டாம், தேவகோட்டைப் பக்கம்

பதில்: தம்பி, தாண்டி வந்த ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் வரன் தேடுவது, மருமகள் வருத்தம், மாவடு ஏன் பூசணம் பிடிக்கிறது என்றுதான் இதுவரை எழுதியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

2015 ஐப்பசி மழையில், வளவில் முற்றத்து ஓரம் நனைந்து கிடந்த ஆத்தங்குடிக் கல்லில் சறுக்கி விழுந்தேன். முதுகெலும்பில் விரிசல். கொடுத்தது உங்கள் மாத்திரையேதான். ஆறு வாரத்துக்கு என்று ஆரம்பித்தது பதினான்கு மாதம் ஓடியது. எழுதியவர் விசாரிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை, மருந்துக்கடைப் பையன் சீட்டுக்கூடப் பார்க்காமல் அட்டையை நீட்டுவான். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மறுநாள் காலை கொட்டாவி, கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர். சளி என்று சுக்குத்தண்ணீர் கொடுத்தார்கள். சாயங்காலம் கை முழுக்கப் புல்லரித்து அப்படியே நின்றது. ராத்திரி இரண்டு காலுக்குள்ளும் எறும்பு ஊர்ந்தது. தாலி கட்டும்போது நான் கொல்லைப்பக்கம் இருந்தேன்.

உங்கள் இரண்டாம் நாள் ராத்திரி நீங்கள் கோழை ஆனதால் வந்ததில்லை. இந்த வகை மாத்திரையை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் அவஸ்தை தொடங்கும்; இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். அநேகமாக ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு அடங்கிவிடும். தூக்கமும் மனசும் திரும்ப இன்னும் சில வாரம் ஆகும். குன்றக்குடி மலையில் கடைசி நாலு படி இருக்கும்போது இரண்டு தடவையும் இறங்கி வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் மூன்றாம் தடவை தனியாக ஏற வேண்டாம். டிரமடால் வலியை மட்டும் தொடுகிற மருந்தில்லை, மனச்சோர்வு மாத்திரைகள் மாதிரியும் மூளையில் வேலை செய்யும். சட்டென்று விட்டால் சிலருக்குப் பயமும் குழப்பமும் பிடித்து ஆட்டும். உங்கள் அளவுக்கு வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு. காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். தேவைப்பட்டால் குளோனிடின், பியூப்ரநார்பின் மாதிரி மருந்தால் அவஸ்தையைத் தணிப்பார்கள். உங்கள் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லையே, கடைசி இறக்கம் அந்த மாதத்தில் விழுகிற மாதிரி அமையுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, துணைக்கு வருவோம்.

எனக்கு வந்த துணை, வார்டு நர்ஸ் கொடுத்த ஒரு போன் நம்பர். திருச்சிக்காரி, பாங்கில் வேலை, கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு இதே குழியில் விழுந்து எழுந்தவள். முன்பின் பார்த்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். "சரியாப் போயிடும்" என்று சொல்லவே இல்லை. "கால் இழுக்குதா ஆச்சி? படுக்காதீங்க, எந்திரிங்க" என்றாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றினேன். ஒவ்வொரு தூணையும் தொட்டு எண்ணச் சொன்னாள். பதினேழோ பதினெட்டோ வரும்போது எனக்கு அழுகை, அவளுக்குக் கொட்டாவி. "இது தூக்கக் கொட்டாவிதான், பயப்படாதீங்க" என்றாளே பார்க்கலாம்! அந்தச் சிரிப்பை வீட்டில் யாராலும் எனக்குத் தந்திருக்க முடியாது. பிள்ளைகளுக்கு என்மேல் பாசம் இல்லையா? இருந்தது. கொட்டாவி தெரியவில்லை.

நீங்களும் மனநலப் பிரிவு நர்ஸிடமோ ஆலோசகரிடமோ நேராகக் கேளுங்கள்: "இதுலேருந்து வெளியே வந்தவங்க யாராவது என்கிட்டப் பேசுவாங்களா?" அப்படி யாராவது இருந்தால், அவர் சம்மதம் கேட்டு இணைத்துவிடச் சொல்லுங்கள். நார்காட்டிக்ஸ் அனானிமஸ் என்று ஒரு கூட்டம் உண்டு, 1953ல் அமெரிக்காவில் தொடங்கியது. டாக்டர் எழுதித் தந்த மாத்திரையில் மாட்டியவர்களும் அதில் வருவார்கள். கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். போனிலும் வீடியோவிலும் கூடுகிறார்கள். நேரில் என்றால் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும். மதுரைக்கு மளிகைச் சாமான் எடுக்கப் போகிறேன் என்றால் சமையல் மாஸ்டரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? 14446 அரசாங்கத்தின் போதை மீட்பு உதவி எண், 14416 மனநல எண். 14416ல் தமிழில் பேசலாம்; இரண்டுக்கும் காசில்லை.

ஒரே நம்பரை நம்ப வேண்டாம், அவருக்கும் தூக்கம் உண்டு. இரண்டு மூன்று வாங்குங்கள். மாத்திரையைக் குறைக்குமுன்பே ஒரு தடவை பேசிவிடுங்கள். நடுராத்திரியில் அறிமுகம் செய்துகொள்ளத் தெம்பு இருக்காது. "டாக்டர் கொடுக்கிறதும் போதைதான், அதையும் தூக்கி எறி" என்று எவராவது வீராப்பு பேசினால் அந்தப் பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். தன் மாத்திரையில் பாதி தருகிறேன் என்பவரை ஆளோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றை அந்தத் துணையிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: சில நாள் விட்டபின் மனசு தடுமாறிப் பழையபடி பத்து போட்டால், உடம்புக்கு அந்தப் பழக்கம் போயிருக்கும். மூச்சே நின்றுவிடலாம். மாத்திரைக்குக் கை அரிக்கும்போது முதலில் போனை எடுங்கள்.

கேள்வி: என் கணவர் டாக்டர் சொன்னபடி வலி மாத்திரையைக் குறைத்து வருகிறார். பக்கத்தில் இருக்கும் நான் என்ன செய்வது, ஆச்சி?
- ஒரு மனைவி, புதுவயல்

பதில்: ஆத்தா, மோரும் கஞ்சியும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் கைக்கெட்டும் இடத்தில் வை. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிவிடும். வலிப்பு வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ 108. அந்த வாரம் கணக்கு வழக்கு, பழைய சண்டை எதையும் எடுக்காதே.

அப்புறம், உன்னிடம் பேசாததையெல்லாம் அவர் போனில் யாரோ ஒருவரிடம் பேசுவார். கோபம் வரும். என் வீட்டுக்காரருக்கும் வந்தது. பத்து நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பதினோராம் நாள் திருச்சிக்காரியின் விலாசம் கேட்டு வாங்கி, ஒரு டின் நிறைய மனகோலப் பலகாரம் அனுப்பினார்.