சாம்பாருக்கு எதற்கு வேன் பயணம்?

கேள்வி: குடும்பத்தோடு பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய செயின் ஓட்டலுக்குப் போனோம். ஏ.சி., சுத்தம், மரியாதை எல்லாம் சரி. இட்லி, சாம்பாரில் மட்டும் எங்கள் தெரு மெஸ்ஸின் பாதி ருசிகூட இல்லை. பில்லோ மூன்று மடங்கு. அப்படியும் கூட்டம் அலைமோதுகிறதே, ஏன்?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: கார் நிறுத்த இடம் இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, கூட்டம் வருகிறது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இவை பெரிய விஷயம்தான். ஆனால் போகிற போக்கில் சாம்பார் என்று சொல்லிவிட்டீர்களே, அதை நான் விடுவதாக இல்லை.

கிளைகள் பெருகியதும் பல ஓட்டல்களில் சாம்பார் அந்தந்தக் கிளையில் கொதிப்பதில்லை. ஊருக்கு வெளியே சென்ட்ரல் கிச்சனில் கொதிக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் வைத்தால் கிருமி பெருகும். அதனால் அதைச் சீக்கிரம் குளிரவைத்து, வேனில் ஏற்றி, கிளையில் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். சுகாதாரத்துக்கு இது சரி. சாம்பாருக்கு இதுதான் வினை.

பெருங்காயம், வறுத்த தனியா, தாளித்த கறிவேப்பிலை ஆகியவற்றின் வாசனை ஆவியோடு போகிற வாசனை. ஒவ்வொரு கொதியிலும் கொஞ்சம் குறையும். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இரண்டாம் கொதியில் கரைந்துவிடும். முருங்கைக்காய் நார் நாராகப் பிரியும். அதனால்தான் அந்தச் சாம்பாரில் கேரட்டும் பீன்ஸும் மிதக்கின்றன. உங்கள் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்காய் குவிந்து கிடக்க, பக்கத்து பைபாஸில் கேரட் சாம்பார் ஊற்றுகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

அடுத்தது பருப்பு. வெந்த துவரம்பருப்பு நின்றால் அடியில் தங்கும். பெரிய அண்டாவில் மறுபடி சூடாக்கினால் அடிப்பிடிக்கும். அதற்குப் பயந்து பருப்பைக் குறைத்து, கடலை மாவோ சோள மாவோ கரைத்து விடுகிறார்கள். மாவு குளிர்ந்தால் இறுகும். கிளையில் இருப்பவர் வெந்நீர் ஊற்றித் தளர்த்துவார். உப்பும் புளிப்பும் நீர்த்துப்போகும். அதைச் சரிக்கட்ட உப்பு, மிளகாய்த்தூள், அதற்கும் மேல் வெல்லம். யாரும் ஏமாற்றவில்லை, ஒரு கோளாறைச் சரிசெய்யப் போய் அடுத்ததை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த தடவை கிண்ணத்துச் சாம்பாரைப் பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். பருப்பு கீழே இறங்கி மேலே தெளிவாக நீர் நின்றால் அது பருப்புச் சாம்பார். பிரியாமல் கூழாக நின்று மேலே ஏடு கட்டினால், மாவு.

உங்கள் தெரு மெஸ்காரரிடம் தேவரகசியம் எதுவும் இல்லை. காலையில் ஓர் அண்டா, தீர்ந்தால் இன்னொன்று. அடுப்புக்கும் இலைக்கும் நடுவே பத்தடி தூரம். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு, சிறிய எலுமிச்சை அளவு புளி, இரண்டு கை சின்ன வெங்காயம் போதும். பருப்பைத் தனியாகக் குழைய வேகவைக்க வேண்டும். புளித்தண்ணீரில் பருப்பு வேகாது. வெண்டைக்காயை வதக்கிப் புளித்தண்ணீரில் போட்டால், அதே புளிப்பு காயை உடையாமல் காக்கும். புளியின் பச்சை வாசனை போனபின் பொடி, பிறகு பருப்பு. பருப்பு சேர்ந்தபின் ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதிக்க விடாதீர்கள். தாளித்துக் கொட்டி உடனே மூடிவிட வேண்டும். சின்ன வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும் என்பதற்காகப் பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போடும் இடத்தில் சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள்.

இட்லிக்கும் இதே கதைதான். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உருட்டு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தைக் கிரைண்டரில் குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்துப் பொங்க ஆட்டி, எட்டு முதல் பத்து மணி நேரம் புளிக்கவிட்டால் மாவுக்குள் காற்று தங்கும். அந்தக் காற்றுதான் இட்லி. அதைக் கேனில் அடைத்து வேனில் குலுக்கிக் கொண்டுவந்தால் காற்று போய்விடும். பிறகு உப்ப வைக்க ஆப்ப சோடா. வெள்ளையாக இருக்க வேண்டிய இட்லியில் லேசான மஞ்சள், நாக்கில் சோப்பு போல ஒரு வழவழப்பு என்றால் சோடா கூடிவிட்டது.

பாக்கெட் மாவுக்கு எதிராக இந்தப் பக்கத்தில் நான் எழுதியபோதெல்லாம் திட்டிக் கடிதம் வந்திருக்கிறது. என் கருத்து மாறவில்லை. கடையில் மாவு, கடையில் சாம்பார் பொடி, ஃபிரிட்ஜில் மூன்று நாள் குழம்பு என்று வீட்டில் வைத்துக்கொண்டு, செயின் ஓட்டலில் ருசி இல்லை என்று கோபப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. மத்திய சமையற்கூடம் நம் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வந்துவிட்டது. வேலைக்குப் போகிற பெண்ணைக் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். மாவு ஆட்டுவது ஆணுக்கும் வரும். கிரைண்டர் ஆள் பார்த்துச் சுற்றுவதில்லை.

காபியையும் சொல்லிவிடுகிறேன். காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்க நம் சட்டம் இடம் தருகிறது. பாக்கெட்டில் அளவு அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். காலை ஆறு மணி டிகாக்‌ஷனைப் பத்து மணி வரை சூட்டில் வைத்துக் கொடுக்கும் இடத்தில், எவ்வளவு நல்ல தூளாக இருந்தாலும் கிடைப்பது வெறும் கசப்புதான்.

வழியில் சாப்பிட்டே ஆக வேண்டும், அந்த ஓட்டல்தான் இருக்கிறது என்றால் அங்கேயே, அப்போதே கல்லில் வார்ப்பதைக் கேளுங்கள்: ரவா தோசை, ஊத்தப்பம். பூரியும் எண்ணெயிலிருந்து நேராக வரும். தேங்காய்ச் சட்னியை மோந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள். அரைத்துச் சில மணி நேரம் வெளியில் இருந்தாலே புளிக்கும். சந்தேகமாக இருந்தால் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும், மெனு கார்டில் போட மாட்டார்கள்.