எரிச்சல் நின்றது நல்ல சேதி அல்ல

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. ரொம்ப நாள் இருந்த பாத எரிச்சல் தானாகவே நின்றுவிட்டது. போன வாரம் வெந்நீர்ப் பை வைத்துத் தூங்கியதில் குதிகாலில் கொப்புளம். வலி இல்லை, மஞ்சள் பூசுகிறோம். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். குளிருக்குக் கால் மரத்துப்போவது சகஜம்தானே?

பதில்: வலி இல்லை என்கிறீர்களே, அதுதான் ஆபத்து. தோல் வெந்து கொப்புளம் கிளம்பும்வரை தூங்கியிருக்கிறார் என்றால் அந்தப் பாதத்தில் நரம்பு கெட்டு உணர்வு போய்விட்டது. எரிச்சல் அடங்கியதும் பெரும்பாலும் அதனால்தான். குளிரில் மரத்த கால் கம்பளிக்குள் போனதும் சரியாகிவிடும். இது அந்த மரப்பு இல்லை.

நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கொப்புளத்தைக் குத்த வேண்டாம். சுத்தமான காஸ் துணியால் மூடி, கழிவறைக்குப் போவது தவிர அந்தக் காலை ஊன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளை நிறுத்துங்கள், அதன் நிறத்தில் சிவப்பு பரவுவதே தெரியாது. தைலமும் கூடாது. சுற்றிலும் சிவந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, தோல் கறுத்தாலோ, நடுக்கம் வந்தாலோ இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். நடுங்கினால் பனி என்று போர்த்திவிடாதீர்கள். காய்ச்சலே இல்லாமல் சர்க்கரை மட்டும் திடீரென எகிறுவதும் புண் உள்ளே சீழ் பிடித்ததற்கு அடையாளமாக இருக்கலாம்.

மற்ற காலையும் வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனிகளை ஓரிரு நொடி லேசாகத் தொடுங்கள், அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டு தெரியவில்லை என்றாலே பாதம் ஆபத்தில் இருக்கிறது.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் நாங்கள் அளவைக் குறைப்போம், ரொம்ப மோசமானால் நிறுத்துவோம். வீடியோக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். பழைய அளவுக்கே திரும்பச் சொல்லுங்கள். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை நாளைக்கே பார்த்துவிடலாம். வருடக்கணக்கில் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பைப் பாதிக்கும். அதையும் பாருங்கள்.

வெந்நீர்ப் பையால் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அம்மா படுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். கரியடுப்புப் பக்கம் கால் நீட்டக் கூடாது. குளிக்கிற தண்ணீரின் சூட்டை நீங்கள் முழங்கையால் பாருங்கள். சாக்ஸ் இறுக்கமில்லாமல், வெள்ளையாக இருக்கட்டும். ரத்தமோ சீழோ கசிந்தால் கறை காட்டிக்கொடுக்கும்.

போகும்போது அவர் போடும் செருப்பு, கம் பூட்ஸ் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தேயிலைக் குச்சி கிடந்தாலும் அவருக்குத் தெரியாது.