எங்கள் தோட்டத்தில் ஊருக்கு உழைப்பவர்களுக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம், பொன்னாடை போடலாமா கேடயம் கொடுக்கலாமா?

கேட்டவர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம் என்கிறார். (வரைபடத்தில் பெஸ்தாரி ஜெயா. ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்?) 12 பேரைக் கௌரவிக்கிறார்களாம், 150 பேர் வருவார்களாம். கோயில் இளைஞர் பகுதியாகவோ ருக்குன் தெத்தாங்காவாகவோ (அக்கம்பக்கத்தார் அமைப்பு) இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பொன்னாடையும் கேடயமும் கடைசி வாரத்து வேலை. அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: விழா அன்று சமைக்கப் போவது யார்? தோட்டத்து விழாக்களில் மேடையில் பெயர் வாசிக்கும் நேரம் கௌரவிக்கப்படுகிற அம்மாவே பின்னால் அடுப்படியில் நிற்பார். யாராவது ஓடிப்போய்க் கூட்டி வருவார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஏறுவார், ஈரக் கையோடு சான்றிதழை வாங்குவார், படம் எடுப்பதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிடும் என்று இறங்கிவிடுவார். அவருக்கு எடுக்கிற விழாவில் அவர்தான் வேலையாள். ஆகவே பட்டியலில் உள்ள ஒருவரும் அன்றைக்கு அடுப்பைத் தொடக் கூடாது, நாற்காலி இறக்கக் கூடாது, கார் நிறுத்த வழி காட்டவும் கூடாது. கேட்டரிங்குக்குக் காசு இல்லையா, பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கேளுங்கள், அவர்கள் விழாவுக்கு நீங்கள் போய்ச் சமையுங்கள். மதியச் சாப்பாடு என்றால் ஒரு கிலோ அரிசி 8 பேருக்கு, 150 பேருக்கு 19 கிலோ, 20 ஆகவே போடுங்கள். தேத்தண்ணி ஆளுக்கு 150 மில்லி என்றால் 23 லிட்டர் கணக்கு வரும். இரண்டாவது கப் கேட்காத தோட்டம் கிடையாது, 30 வையுங்கள்.

இனி பட்டியல். பாரம் (படிவம்) அச்சடித்து 'உங்கள் பரிந்துரையை எழுதுங்கள்' என்றால் கோயில் தலைவர், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், முன்னாள் தலைவர் என்று பதவிகள்தான் வரும். பாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆயாக் கொட்டகை (பிள்ளைக் காப்பகம்), மளிகைக் கடை, கோயில் மடப்பள்ளி, தமிழ்ப்பள்ளி காவலர் அறை என்று நாலு இடத்துக்குப் போய் வாயால் கேளுங்கள். ராத்திரி 2 மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் யாருக்குப் போன் போடுவீர்கள்? சாவு வீட்டில் கூடாரம் கட்ட யார் முதலில் வருவார்? வெள்ளம் வடிந்த பிறகு சேறு தள்ளியது யார்? மூன்று இடத்தில் ஒரே பெயர் வந்தால் அவர்தான் ஆள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் படகு கொண்டுபோனவர்கள் படத்தில் வந்தார்கள், அது நியாயம்தான். தண்ணீர் போன பிறகு கிழவிகளின் மெத்தையை வெளியே இழுத்துப் போட்டவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏற்பாட்டுக் குழுவில் உள்ளவர் பட்டியலில் வேண்டாம். அவர் தகுதியானவராகவே இருந்தாலும் அடுத்த ஆண்டு. ரேலாக்காரர்கள் (அரசின் தொண்டர் படையினர்) சண்டைக்கு வராதீர்கள்: 1972இலிருந்து இருக்கிற அமைப்பு, சீருடை உண்டு, பணிக்கு அழைத்தால் அலவன்ஸ் உண்டு, உங்களைக் கௌரவிக்க ஆள் இருக்கிறது. சீருடை இல்லாதவருக்கு இதுபோன்ற விழாவை விட்டால் வேறு கிடையாது. வங்காளதேசத்துத் தம்பிகள், நேப்பாளிகள் யாராவது கோத்தோங் ரோயோங்கில் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு) வாரா வாரம் கால்வாயில் இறங்கியிருந்தால் அவர்கள் பெயரும் வரட்டும். 'நம்மாள் விழா' என்று முனகுகிறவர்கள் அந்தக் கால்வாயில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

பெயர் எடுத்ததும் ஆளிடம் தனியாகக் கேளுங்கள். சிலருக்கு மேடை பிடிக்காது. வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம், குறைச்சல் ஒன்றும் இல்லை. உதவி பெற்றவரின் பெயரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மேடையில் சொல்லாதீர்கள். யாருக்கு டயாலிசிஸ், யார் வீட்டில் அடிதடி என்பது ஊருக்குத் தெரிந்திருக்கலாம், மைக்குக்குத் தெரிய வேண்டாம்.

விழாவின் உயிர் வாசிக்கிற அந்த நாலு வரிதான். 'சிறந்த சமூகச் சேவையைப் பாராட்டி' என்று 12 பேருக்கும் ஒரே வரியை வாசித்தால் கேட்பவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். என்ன செய்தார், எப்போதிலிருந்து, எத்தனை தடவை, இந்த மூன்றும் இருக்கட்டும். ஒரு மாதிரி தருகிறேன்: 'டயாலிசிஸ் வாரம் 3 முறை. ஆண்டுக்கு 156 நடை. காலை 5 மணிக்கு வேனை எடுத்து, நோயாளியை இறக்கிவிட்டு, பெரட்டுக்குத் திரும்பி வந்து நின்றவர் இவர்.' (பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுப்பது.) 156 என்றதும் கூட்டம் நிமிரும். ஆளுக்கு 2 நிமிடம், 12 பேருக்கு 24 நிமிடம், நடந்து வருவதற்கு இன்னும் 10. எண்களை எழுதியதும் அவரிடமே ஒரு தடவை காட்டிவிடுங்கள், மேடையில் 'அது 3 வருசம்தான் தம்பி' என்று அவரே திருத்தினால் உங்களுக்குத்தான் சங்கடம்.

சான்றிதழில் பெயர். தோட்டத்தில் யாரும் யாரையும் ஐசி (அடையாள அட்டை) பெயரால் கூப்பிடுவதில்லை. ராசாத்தி அக்கா என்று 30 வருசமாகக் கூப்பிடுகிறவரின் ஐசியில் வேறு பெயர் இருக்கும். ஒரே லட்சுமி ரூமியில் (ரோமன் எழுத்தில்) நாலு விதமாக ஏறியிருக்கும், பதிவு செய்த கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி. மேல் வரியில் ஐசியில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ரூமியில், கீழ் வரியில் தமிழில் ஊர் கூப்பிடும் பெயர். மேல் வரி பிசகினால் பின்னால் அதை எந்த விண்ணப்பத்தோடும் இணைக்க முடியாது. கீழ் வரி இல்லாவிட்டால் வாசிக்கும்போது யாரென்று அவருக்கே தெரியாது.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் தமிழை ஒழுங்காக அச்சடித்துக் கொடுக்கிற கடையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 'சேவை' என்று அனுப்பினால் இரட்டைக்கொம்பு ஒரு பக்கம், சகரம் ஒரு பக்கம், ஐகாரக் கொக்கி வகரத்துக்குப் பின்னால் தொங்கும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு அது படம். காரணம் இதுதான்: யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. வடிவமைக்கிற அடோபி மென்பொருளில் 'வேர்ல்ட்-ரெடி காம்போசர்' என்ற அமைப்பைப் போட்டிருக்காவிட்டால் பெரும்பாலும் அது நடக்காது. நீங்களே வேர்டில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, போனிலும் திறந்து பார்த்து, பிடிஎஃப்பை மட்டும் கொடுங்கள். எழுத்தை வெட்டி ஒட்டாதே, அப்படியே அடி என்று சொல்லுங்கள். 260 கிராம் ஆர்ட் கார்டு போதும். முதலில் ஒரே ஒரு தாள் அடித்து வாங்கிப் படித்துவிட்டு மற்ற 11. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

நாள் குறிக்கும்போது தோட்டத்துத் திருவிழா, சம்பள வார இறுதி இரண்டையும் தவிருங்கள். ஞாயிறு காலை 10 மணி நல்லது. மாலை 4 மணி வைத்தால், அதுவும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில், இடிமழை பிடித்துக்கொள்ளும். பாலாய் ராயாவின் (ஊர்ப் பொதுமண்டபம்) தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது.

ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) விஷயம். எந்தக் கட்சிக்கும் விரோதமாகச் சொல்லவில்லை. வரட்டும், மாலை போடுங்கள், ஆனால் அவர் வந்த பிறகுதான் தொடக்கம் என்று வைக்காதீர்கள். 10 மணிக்குக் கூப்பிட்டு, 11.45க்கு வந்து, 40 நிமிடம் பேசி, முதல் 3 பேருக்கு மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்புவது வழக்கம். மீதி 9 பேருக்கு உதவித் தலைவர் கொடுப்பார், படம் எடுக்கிறவரும் ஒய்பியோடு போயிருப்பார். 10.30க்கு முதல் பெயர் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். பேனரில் அவர் முகம் சிறியதாக மூலையில், நடுவில் அந்த 12 பேர்.

செலவுக்கு வீடு வீடாக வசூல் என்றால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். 'நம்ம தோட்டம்தானே' என்பார்கள். லயத்துக்குள் (தோட்டத்து வீட்டு வரிசை) நடக்கும், டவுனில் கடை கடையாக ஏறினால் மாட்டுவீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேடயம் வேண்டாம். பிளாட் வீட்டில் வைக்க இடம் இல்லை, இரண்டு வருசத்தில் தங்கப்பூச்சு உரிந்துவிடும். பொன்னாடை ஆளுக்கு ஒன்று போதும், மாலையும் பொன்னாடையும் சேர்ந்தால் வெக்கையில் வயதானவர்களுக்குத் தலை சுற்றும். மீதிக் காசில் அவர் செய்கிற வேலைக்கு உதவுகிற பொருளை வாங்குங்கள்: வேன்காரருக்குப் பெட்ரோல், இரவில் ரோந்து போகிறவருக்கு நல்ல டார்ச்சும் மழைக்கோட்டும். கவரில் பணம் கொடுப்பதானால் மேடையில் வேண்டாம்.

மாநிலப் பதக்கத்துக்கு யாரையாவது பரிந்துரைக்கும் எண்ணம் இருந்தால், சிலாங்கூரில் விருதளிப்பு சுல்தானின் அதிகாரபூர்வப் பிறந்தநாளான டிசம்பர் 11ஐ ஒட்டி வரும். மாவட்ட அலுவலகத்தில் பல மாதங்களுக்கு முன்பே விசாரியுங்கள். அந்த நாலு வரியும் ஐசிப்படி பெயர் உள்ள சான்றிதழும் அங்கே இணைப்பாக உதவும்.

படம் எடுத்ததை வாட்ஸ்அப்பில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் கழுவி ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஆளுக்கு 2 பிரதி. ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் போகும், இன்னொன்றைக் கோலாலம்பூரில் இருக்கிற மகள் கேட்பாள்.