ஜே1 லீக் 2024 சீசன்: கேட்டவங்க எல்லாருக்கும் பதில்

ஜப்பான் ஃபுட்பால்ல முதல் டிவிஷன் லீக்கான ஜே1ஓட 2024 சீசன் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துட்டேன். மூணு டீம் கடைசி நாள் வரைக்கும் முட்டி மோதின சீசன் இது, நான் மனசார ரசிச்ச சீசன், அதனால சில பதில் நீளமாத்தான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, நான் ஜே லீக் பக்கமே போனதில்ல. அடிப்படை மட்டும் சொல்லுங்க.

20 டீம், ஆளுக்கு 38 மேட்ச். அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் 18 டீம்தான், 2024ல தான் 20 ஆச்சு. அதுக்காகவே 2023ல ஒரே ஒரு டீமைத்தான் கீழ, அதாவது ரெண்டாவது டிவிஷன் ஜே2வுக்கு, இறக்கினாங்க (யோகோஹாமா எஃப்சி), 2024ல மறுபடி மூணு டீம் இறங்கணும்னு வந்துச்சு. பிப்ரவரி கடைசில ஆரம்பிச்சு டிசம்பர் 8ல முடிஞ்சுது. விசெல் கோபே 72 பாயிண்டோட சாம்பியன், சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா 68, மச்சிடா செல்வியா 66. காம்பா ஒசாகாவும் 66 தான், கோல் வித்தியாசத்துல நாலாவது.

கேள்வி: கடைசி நாள் என்னதான் நடந்துச்சு ப்ரோ? டேபிளை மட்டும் பாத்தா கோபே ஈஸியா ஜெயிச்ச மாதிரி தெரியுது.

ஈஸியே இல்ல. அன்னிக்கு காலைல கோபே 69, ஹிரோஷிமா 68, மச்சிடா 66. கோபே ஜெயிச்சா கதை முடிஞ்சுது, ஆனா ட்ரா ஆகி ஹிரோஷிமா ஜெயிச்சுட்டா கோப்பை அங்க போயிடும். கோபே சொந்த ஊர்ல ஷோனான் பெல்மாரேவை 3-0ன்னு அடிச்சாங்க, மியாஷிரோ முதல் கோல், ஹாஃப்டைமுக்குக் கொஞ்சம் முன்னாடி முட்டோ ரெண்டாவது. அதே நேரத்துல ஹிரோஷிமா ஒசாகாவுல காம்பாகிட்ட 3-1ன்னு தோத்தாங்க, மச்சிடாவும் காஷிமா ஆன்ட்லர்ஸ்கிட்ட அதே 3-1.

ஆனா என்னைக் கேட்டா கோப்பை முடிவானது அதுக்கு முந்தின வாரம், நவம்பர் 30. காஷிவா ரேய்சோல் ஊர்ல கோபே ஆரம்பத்துலயே ஒரு கோல் வாங்கிட்டு மேட்ச் முழுக்க துரத்திட்டே இருந்தாங்க, இஞ்சுரி டைம்ல பெனால்டி கிடைச்சுது, கோபேவோட முக்கிய ஸ்ட்ரைக்கர் ஒசாகோ போய் அடிச்சார், மிஸ். ஒசாகோ பெனால்டியை விட்டா அந்த டீமே உக்காந்துடும்னுதான் யாரும் நினைப்பாங்க. உக்காரல. 90+10வது நிமிஷத்துல முட்டோ சமன் பண்ணார், 1-1. அந்த ஒரு பாயிண்ட் வரலன்னா கடைசி நாள் ரெண்டு டீமும் 68, கோல் வித்தியாசத்துல ஹிரோஷிமா மேல. அதாவது பயத்தோட விளையாட வேண்டியது கோபேயா இருந்திருக்கும்.

கேள்வி: ரகுட்டென் காசு கொட்டின டீம் தானே கோபே? இனியஸ்டாவை வாங்கினவங்க ஜெயிக்கறதுல என்ன பெருமை?

இந்தக் கேள்விதான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, எனக்கு இதுல கொஞ்சம் ஆதங்கமே உண்டு. காசு இருக்கு, இல்லன்னு சொல்லல. ரகுட்டென்ங்கற ஆன்லைன் வியாபார கம்பெனியோட முதலாளி மிகிதானி 2004ல கிளப்பை எடுத்தார், அப்புறம் பொடோல்ஸ்கி, இனியஸ்டா, டேவிட் வியான்னு பெரிய பேரா வந்தாங்க. ஆனா அவங்க காலத்துல லீக் வரல, ஜப்பானோட நாக்-அவுட் கோப்பையான எம்பரர்ஸ் கப் ஒண்ணு வந்துச்சு (2019 சீசனுக்கானது, ஃபைனல் 2020 ஜனவரி 1 அன்னிக்கு). 2022ல 13வது இடம். அந்த வருஷம் நடுவுல கீழ இறங்கிடுவோமோன்னு இருந்த நேரத்துலதான் தகாயுகி யோஷிடா மறுபடி கோச்சா வந்தார். 2023 ஜூலை 1 இனியஸ்டாவுக்குக் கடைசி மேட்ச், அந்த வருஷம் அவருக்குப் பெருசா இடமே கிடைக்கல, அதே வருஷம்தான் கோபேவுக்கு முதல் லீக் பட்டம்.

ஏன்னா ஆட்டமே மாறிடுச்சு. பந்தை வச்சுட்டு அழகா சுத்தறதை விட்டுட்டு, முன்னாடி ஒசாகோ மேல நேரா போடறது, அவர் நெஞ்சுல வாங்கி நிறுத்துவார், முட்டோ மாதிரி ஆளுங்க பக்கத்துல ஓடி வருவாங்க, பந்து போச்சுன்னா அங்கயே பாய்ஞ்சு பிடுங்கறது. 30 வயசு தாண்டின ஆளுங்க இவ்வளவு ஓடறதைப் பாக்கறதே எனக்கு ஒரு சந்தோஷம். 2024ல ஆசிய கிளப்புங்களுக்கான ஏசியன் சாம்பியன்ஸ் லீக் எலீட்டும் கூடவே ஆடிட்டு, நவம்பர் 23ல எம்பரர்ஸ் கப் ஃபைனல்ல காம்பாவை 1-0ன்னு ஜெயிச்சுட்டு, அதுக்கப்புறம் லீக்கையும் எடுத்தாங்க. இது காசால மட்டும் வராது.

இன்னொண்ணு. இந்த டீம் கோபேவுக்கு வந்து முதல் ப்ராக்டிஸ் வைக்கறதா இருந்த நாள் 1995 ஜனவரி 17. அன்னிக்குக் காலைலதான் அந்தப் பெரிய நிலநடுக்கம். முதல் ஸ்பான்சரும் கைவிட்டுட்டாங்க. அங்கிருந்து வந்த கிளப்பைப் போய் காசுக்கார கிளப்னு ஒரே வார்த்தைல சொல்லாதீங்கப்பா.

கேள்வி: மச்சிடாவை ஏன் எல்லாரும் திட்டினாங்க? ஏதாவது ஏமாத்தினாங்களா?

ஏமாத்தல. 2024 அவங்களுக்கு ஜே1ல முதல் வருஷம், முதல் வருஷமே மூணாவது இடம், லீக்லயே குறைவா கோல் வாங்கின டீம், 34 தான். கோச் கோ குரோடா அதுக்கு முன்னாடி ப்ரொஃபஷனல் டீம் எதையும் நடத்தினவர் இல்ல, அஒமோரி யாமாடா ஸ்கூல் டீமை வருஷக்கணக்கா வச்சிருந்து தேசிய சாம்பியன்ஷிப் மூணு தடவை ஜெயிச்சவர். 2023ல வந்தார், வந்த வருஷமே ஜே2 சாம்பியன். நீளமா த்ரோ-இன் போட்டு பாக்ஸுக்குள்ள குழப்பம் பண்ணுவாங்க, அதுக்கு லைன் ஓரத்துல டவல் வச்சு பந்தைத் தொடைப்பாங்க, அதுல நேரம் போகும், மத்த டீம் ரசிகர்களுக்குக் கோவம் வரும். அவங்க ஃபார்வர்ட் ஃபுஜியோ பெனால்டிக்கு முன்னாடி பந்து மேல தண்ணி ஊத்தினது தனிப் பஞ்சாயத்து. ஜூன்ல எம்பரர்ஸ் கப்ல சுகுபா யுனிவர்சிட்டி பசங்ககிட்ட பெனால்டில தோத்துட்டு கோச் பேசின பேச்சு இன்னும் எரிச்சலைக் கிளப்பிச்சு.

எனக்கு அந்த ஆட்டம் பிடிக்காது, ஆனா ரூலுக்குள்ளதான் இருந்துச்சு. த்ரோ-இன்னைத் தடுக்கத் தெரியலன்னா அது தடுக்கற டீமோட பிரச்சனை. நெட்ல அவங்களைத் திட்டினது எல்லை மீறிப் போய், கிளப் கிரிமினல் புகார் கொடுக்கற அளவுக்கு வந்துச்சு, அது அசிங்கம்.

கேள்வி: ஹிரோஷிமா கையில இருந்ததை விட்டுட்டாங்கன்னு சொல்றாங்களே?

விட்டாங்கதான், ஆனா காரணம் இருக்கு. கோச் ஸ்கிப்பேவோட ஹிரோஷிமா 72 கோல் போட்டுச்சு, கோபே 61 தான். ஊர் நடுவுல புது ஸ்டேடியம் பீஸ் விங் அந்த வருஷம் திறந்தாங்க, ஊரே சந்தோஷமா இருந்துச்சு. ஜூலைல ஓஹாஷி பிளாக்பர்னுக்கும் காவாமுரா சால்ஸ்பர்க்குக்கும் போயிட்டாங்க. ஓஹாஷி அதுவரைக்கும் 11 கோல் அடிச்சவர், யோசிச்சுப் பாருங்க. மிட்ஃபீல்டர் டோல்கே அர்ஸ்லான் வந்து அந்தக் குழியை ஓரளவு அடைச்சார், ஆனா அக்டோபர்ல இருந்து நவம்பருக்குள்ள ஷோனான், கியோட்டோ, உராவான்னு லீக்ல வரிசையா மூணு தோல்வி. வாரத்துக்கு நடுவுல ஏசியன் மேட்ச் வேற. கால் ஓஞ்சு போச்சு. அதே பாரம் கோபேவுக்கும் இருந்துச்சு, அவங்க தாங்கினாங்க, இவங்களால முடியல, ரெண்டு டீமுக்கும் நடுவுல நான் பாத்த வித்தியாசம் அதுதான். 21 வருஷம் ஒரே கிளப்ல ஆடின அஒயாமா தோஷிஹிரோ அந்த சீசனோட ரிடையர் ஆனார், அவருக்காகவாவது ஜெயிச்சிருக்கலாம்னு கோபே பக்கம் இருந்த எனக்கே தோணுச்சு.

கேள்வி: சார், டோக்கியோ வெர்டி பத்தி ரெண்டு வார்த்தை.

1993, 94 ரெண்டு வருஷமும் சாம்பியன். 2008ல இறங்கினவங்க 16 வருஷம் கழிச்சு திரும்ப வந்தாங்க, அதுவும் 2023 ப்ளேஆஃப்ல சோமேனோ 90+6ல பெனால்டி போட்டு 1-1 ஆக்கி (லீக்ல மேல முடிச்ச டீமுக்கு ட்ராவே போதும்). 2024 பிப்ரவரி 25 முதல் மேட்ச் நேஷனல் ஸ்டேடியம்ல யோகோஹாமா எஃப் மரினோஸ் கூட. 1993 மே 15ல ஜே லீகோட முதல் மேட்சும் இதே ரெண்டு டீம்தான், அன்னிக்கு மரினோஸ் 2-1. 2024லயும் மரினோஸ் 2-1! 89வது நிமிஷம் வரைக்கும் வெர்டி முன்னாடி இருந்துட்டு தோத்தாங்க. ஆனா வெர்டி கோச் ஜொஃபுகு அந்தச் சின்னப் பசங்களை வச்சுட்டு சீசனை ஆறாவதா முடிச்சார். அந்த வருஷத்தோட பெஸ்ட் கோச்சிங் அதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

கேள்வி: யார் யார் இறங்கினாங்க? எம்விபி யாரு?

ஜூபிலோ இவாட்டா, கான்சடோலே சப்போரோ, சாகான் டோசு. இவாட்டாவுல ஜெர்மேன் ரியோ 19 கோல் போட்டும் காப்பாத்த முடியல. எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர், கோபே முட்டோ, சரியான தேர்வு. கோல் லிஸ்ட்ல முதல் ஆள் மரினோஸ் ஆண்டர்சன் லோபேஸ், 24.

கேள்வி: சீசனை மாத்தறாங்களாமே, ஏன்?

2026 ஆகஸ்ட்ல இருந்து ஐரோப்பா மாதிரி, வெயில் காலம் முடியறப்ப ஆரம்பிச்சு அடுத்த வருஷம் முடியும். முடிவு 2023 டிசம்பர்லயே எடுத்தாச்சு. ஏசியன் போட்டி அந்தக் காலண்டருக்கு மாறிடுச்சு, ஜூலை ஆகஸ்ட் வெயில்ல ஓட முடியல, ஐரோப்பா கிளப்புங்க சரியா சீசன் நடுவுல ஆளைத் தூக்கிட்டுப் போறாங்க, ஹிரோஷிமாவுக்கு நடந்ததே உதாரணம். பனி கொட்டற நீகாட்டா, சப்போரோ பக்கம் கவலை இருக்கு, அதுக்குக் குளிர்கால இடைவேளை வைக்கறாங்க. எனக்கு இது நல்ல முடிவாத்தான் படுது, ஆனா பனி ஊர் டீம்களுக்கு ப்ராக்டிஸ் பண்ண கூரை போட்ட இடம் கட்டித் தரணும், அது இல்லாம மாத்தினா அநியாயம்.

கேள்வி: ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எது?

காஷிவா, கோபே, நவம்பர் 30. ஹைலைட்ஸ் வேண்டாம், கடைசி இருபது நிமிஷமாவது முழுசாப் பாருங்க. ஒசாகோ பெனால்டி விட்டதுக்கும் முட்டோ கோலுக்கும் நடுவுல கோபே ஆளுங்க எப்படி ஓடறாங்கன்னு மட்டும் கவனிங்க.